மறதி நோய் மூன்று நாளில் முற்றாது

சென்னை மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

என் அப்பாவுக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த புகாருக்குப் போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. "நோயாளிக்கு ஏற்கெனவே உள்ள அல்சைமர் நோயின் இயல்பான முன்னேற்றமே இது. சிகிச்சையில் குறைபாடு இல்லை." அவ்வளவுதான். நாள் வாரியாக, மணி வாரியாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஒரு மருத்துவமனையின் பதில் மட்டும் என்றால் அங்கேயே போய்ப் பேசியிருப்பேன். மூன்று நாளில் மூன்று இடங்களுக்கு அப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அதில் இரண்டு இடங்களில் அதே பேச்சு. என் மாதிரி பெற்றோரை வைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் அதே பேச்சு. அதனால் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் ஒரு ஆஸ்பத்திரியோடு எனக்கு இருக்கும் தகராறாக இது சுருங்கிவிடும். இது உங்கள் எல்லாருக்குமானது.

அப்பாவுக்கு 79 வயது. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் 34 வருஷம் கம்போசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோர்க்கிற வேலை. அவர் ஈயத்தில் கோர்த்ததை நான் இன்று கணினியில் தட்டிப் பிழைக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அல்சைமர் என்று கண்டுபிடித்தார்கள். மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் தேதி போனது, அப்புறம் கணக்கு, அப்புறம் தெருப் பெயர்கள். ஆனால் போன நவம்பர் வரை தினமும் காலையில் பேப்பரை விரித்துத் தலைப்புச் செய்திகளைச் சத்தமாகப் படிப்பார். எழுத்துப்பிழை இருந்தால் விரலால் தட்டிக் காட்டுவார். என் மகனோடு ஜாம்பஜார் பக்கம் டீ குடிக்கப் போய்விட்டு வருவார். சட்டைப் பட்டனை அவரே போட்டுக்கொள்வார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று மூன்று நாள் கொடுத்தோம். அந்தத் தவறு எங்களுடையது, அதை மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்த மனிதர், செவ்வாய்க்கிழமை பகல் முழுக்கத் தூங்கினார். எழுப்பினால் கண் திறப்பார், ஆனால் பார்வை எங்கேயோ இருக்கும். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை ராத்திரி தலைகீழாக மாறியது. தூக்கமே இல்லை. "தட்டு கவுந்துடுச்சு, எழுத்தெல்லாம் கொட்டிடுச்சு" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். எப்போதோ இறந்துபோன கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டார். விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ பொறுக்கி, இடது கையில் வைத்து, மறுபடி பொறுக்கி. அச்சுக் கோர்க்கிறார் என்று நினைத்தோம். என் மகன் அழுதுவிட்டான்.

துணியைக் கிள்ளுவதும் காற்றில் எதையோ பிடிப்பதும் மருத்துவ நூல்களில் காலங்காலமாக எழுதி வைத்திருக்கும் அறிகுறி என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உடம்பில் எங்கோ ஒரு பெரிய கோளாறு நடக்கிறது, அதில் மூளை குழம்புகிறது என்பதற்கான அடையாளம் அது. நீங்கள் டெலிரியம் என்கிறீர்கள். என் பாட்டி ஜன்னி என்பார். ஜுரத்தில் பிதற்றுகிறவரைப் பார்த்தால் "ஜன்னி கண்டிருக்கு, உடனே பாருங்க" என்று வீட்டைக் கூட்டிவிடுவார். அந்த அவசரம்தான் எனக்கு உங்களிடம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை 2 மணிக்கு ஆட்டோவில் முதல் இடத்துக்குப் போனோம். பணியில் இருந்த இளம் டாக்டர் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ, கண் சிவந்திருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜுரம் பார்த்தார், இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், பரவாயில்லை. "வேற ஏதாவது பழைய வியாதி இருக்கா?" என்று கேட்டார். "அல்சைமர்" என்றேன். அந்தச் சொல்லோடு விசாரணை முடிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். "மேடம், இது அந்த வியாதியோட அடுத்த ஸ்டேஜ். வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க." ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்தார் டாக்டர் என்று மூன்று முறை சொன்னேன். சீட்டில் அது ஏறவில்லை. ஒரு தூக்க ஊசி போட்டார்கள். நாலரை மணிக்கு வீட்டில் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது இடம், பெரிய இடம். நுழைவிலேயே பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, இது மனநலப் பிரிவு பார்க்க வேண்டியது, திங்கட்கிழமை புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள் என்றார்கள். அப்பா உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. அதைத் துடைக்க ஆள் வந்தார். அது ஏன் என்று கேட்க யாரும் வரவில்லை.

சனிக்கிழமை எங்கள் பக்கத்துச் சின்ன நர்ஸிங் ஹோமில் ஒரு மூத்த ஸ்டாஃப் நர்ஸ் அப்பாவின் வேட்டியை மாற்றும்போது அடிவயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "ஏம்மா, அப்பா கடைசியா எப்போ ஒழுங்கா ஒண்ணுக்குப் போனாரு?" என்று கேட்டார். "சொட்டுச் சொட்டா போய்க்கிட்டேதான் இருக்கு சிஸ்டர்" என்றேன். "அது போறது இல்லம்மா, வழியிறது. வயிறு கல்லு மாதிரி இருக்கு பாரு." என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். தொப்புளுக்குக் கீழே ஒரு தேங்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. டியூப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கலங்கலாக வந்தது. மூத்திரத்தில் தொற்று, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் ரத்த அளவு ஏறியிருந்தது, ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு வயசுக்கேற்ப, மூத்திரப் பாதையைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கம் உண்டு. சளி மாத்திரையில் இருந்தது குளோர்பெனிரமைன் என்ற, தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து. அந்த வகை மருந்து மூத்திரப்பையைச் சுருங்கவிடாது. மூத்திரம் தேங்கியது, தேங்கியதில் தொற்று வந்தது, தொற்று மூளையைக் குழப்பியது. இன்னொன்றும் உண்டு. அவர் ஞாபகத்துக்காகத் தினமும் சாப்பிடும் டோனெபெசில், மூளையில் நரம்பு செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசெட்டைல்கோலின் என்ற ரசாயனம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. சளி மாத்திரை அதே அசெட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கிறது. ஒரே வயிற்றில் இரண்டு மாத்திரைகள் இரண்டு பக்கம் இழுத்திருக்கின்றன. தூக்க ஊசி அதற்கு மேல்.

ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். நான்காம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, "பேப்பர் வந்துதா?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் வாங்கி வந்து விரித்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்கவில்லை. இன்று வரைக்கும் படிக்கவில்லை. நவம்பருக்கு முன்னால் நரம்பியல் டாக்டர் வைத்த ஞாபகச் சோதனையில் 30க்கு 18 வாங்கியவர், மூன்று மாதம் கழித்து 12 வாங்கினார். பட்டன் போடத் தெரியவில்லை. என்னை "அம்மா" என்று கூப்பிடுகிறார். மகள் என்ற பொருளில் இல்லை, அவருடைய அம்மா என்று நினைத்து.

முதல் நாளே பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் வாதாடவில்லை. அதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் இதை "இயல்பான முன்னேற்றம்" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. நான்கு வருஷம் படிப்படியாக இறங்கியவர் நான்கு நாளில் மாடியிலிருந்து விழுந்திருக்கிறார். இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

உங்களுக்குத் தெரியாத மருத்துவத்தை நான் சொல்லப் போவதில்லை. இது திறந்த மடல் என்பதால், என் நிலைமையில் இருக்கும் மற்ற வீட்டாரும் படிப்பார்கள். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஜுரம் வந்த அன்று நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கே தலை மந்தமாக இருக்கும். படுக்கத் தோன்றும், சாப்பாடு பிடிக்காது, யாரோடும் பேசத் தோன்றாது. கிருமி மூளைக்குள் போனதால் வருவது இல்லை அது. உடம்பில் எங்கே தொற்று வந்தாலும் எதிர்ப்பு செல்கள் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 மாதிரியான தூதுப் புரதங்களை விடுகின்றன. ரத்தம் வழியாகவும், வயிற்றிலிருந்து மேலே போகும் வேகஸ் நரம்பு வழியாகவும் அந்தச் சேதி மூளைக்குப் போகிறது. மூளையில் அதை வாங்கிக்கொள்வதில் முக்கியமானவை மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள். 1919இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்தேகா அவற்றைத் தனியாக அடையாளம் கண்டு பெயர் வைத்தார். சேதி வந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன, ஜுரம் இறங்கியதும் அடங்கிவிடுகின்றன. அழற்சி என்று புத்தகத்தில் சொல்வது இந்த விழிப்பைத்தான்.

அல்சைமர் மூளையில் கதை வேறு. அங்கே அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சுற்றி அந்தக் காவல் செல்கள் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருக்கின்றன, எரிச்சலோடு. வெளியிலிருந்து ஒரு சின்னச் சேதி வந்தாலும் மிகையாகப் பாய்கின்றன. ஹியூ பெர்ரி, கோல்ம் கன்னிங்ஹாம் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுக்கள் எலிகளில் இதைக் காட்டின. ஏற்கெனவே நோயால் அரிக்கப்பட்ட மூளை உள்ள எலிக்கு, உடம்பில் மட்டும் ஒரு செயற்கைத் தொற்றுச் சேதியைக் கொடுத்தால், மூளைக்குள் அழற்சி பல மடங்கு எகிறுகிறது, நரம்பு செல்களும் சாகின்றன. இந்தக் காவல் செல்களில் வேலை செய்யும் ட்ரெம்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று 2013இல் வெளிவந்தது. அழற்சி இந்த நோயின் ஓரத்தில் நிற்கும் ஆள் இல்லை என்று அதிலிருந்தே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

மனிதர்களில்? 2009இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் கிளைவ் ஹோம்ஸ் குழுவினர் அல்சைமர் உள்ள முந்நூறு பேரை எடுத்து, ஆறு மாதம் தொடர்ந்து ரத்தமும் ஞாபகமும் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த ஆறு மாதத்தில் தொற்றோ அடியோ ஏதாவது ஒன்று வந்தது. அப்படி வந்தவர்களுக்கு ஞாபகம் குறையும் வேகம் இரண்டு மடங்கு. ஆரம்பத்திலேயே ரத்தத்தில் டி.என்.எஃப். ஆல்ஃபா அதிகமாக இருந்தவர்களுக்கு நான்கு மடங்கு. அது கடைசி வரை குறைவாகவே இருந்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தில் ஞாபகம் இறங்கவே இல்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அல்சைமர் வந்தால் இறங்குவதுதான், ஒன்றும் செய்வதற்கில்லை என்று நான்கு வருஷமாக எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இறங்குவதைத் தடுக்க முடியாது, சரி. எவ்வளவு வேகமாக இறங்குகிறார் என்பதில் ஒரு பங்காவது மூத்திரத்திலும் நுரையீரலிலும் பல் ஈறிலும் படுக்கைப் புண்ணிலும் இருக்கிறது. அவையெல்லாம் நீங்கள் தினமும் வைத்தியம் பார்க்கிற விஷயங்கள்.

பல் ஈறு என்று சும்மா சொல்லவில்லை. 2016இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஈறு நோய் இருந்த அல்சைமர் நோயாளிகள் ஆறு மாதத்தில் ஆறு மடங்கு வேகமாக இறங்கியிருந்தார்கள். அறுபது பேர்தான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் என் அப்பாவின் வாயைத் திறந்து பார்த்த டாக்டர் இந்த நான்கு வருஷத்தில் ஒருவர்கூட இல்லை.

அப்படியென்றால் அழற்சிக்கு மாத்திரை கொடுத்துவிடலாமே என்று கேட்டு நான் வரவில்லை. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். நாப்ராக்ஸன், செலிகாக்ஸிப் என்ற வலியும் அழற்சியும் குறைக்கும் மாத்திரைகள் அல்சைமரைத் தடுக்குமா என்று 2001இல் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை தொடங்கி, 2004 கடைசியில் மருந்தை நிறுத்தினார்கள். காப்பாற்றியதாகத் தெரியவில்லை. ஆகவே படிக்கிற வீட்டார் யாரும் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். மஞ்சளும் வேண்டாம், பத்து வகைப் பொடியும் வேண்டாம். நான் கேட்பது அழற்சியை எழுப்பிவிட்ட காரணத்தைத் தேடுங்கள் என்றுதான்.

அதே மாதிரி, மறதி நோயாளி குழம்பினால் உடனே ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. வயதானவர்கள் பலருக்கு மூத்திரத்தில் கிருமி சும்மா இருக்கும், தொந்தரவு செய்யாது, அதற்கு மருந்து தேவையில்லை என்பதும் எனக்கு இப்போது தெரியும். மலச்சிக்கலாக இருக்கலாம், தண்ணீர் குடிக்காததாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், விழுந்ததில் எலும்பு விரிசல் விட்டு அதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு ஒரே மொழி இந்தக் குழப்பம்தான்.

ஜுரம் இல்லை என்று முதல் இடத்தில் நிம்மதியாகச் சொன்னார்கள். 79 வயதில் தொற்று ஜுரத்தோடுதான் வரும் என்று யார் சொன்னது? முதியவர்களுக்கு ஜுரமே இல்லாமல், சோர்வும் குழப்பமும் மட்டுமாகத் தொற்று வருவது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கத்திக் கலாட்டா செய்கிறவரையாவது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா செவ்வாய்க்கிழமை இருந்த மாதிரி சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பதும் டெலிரியம்தான். அதைத்தான் நாங்களும் கவனிக்காமல் ஒரு நாளைத் தொலைத்தோம்.

இந்த ஊருக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. இந்தியாவிலேயே முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது, டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கினார். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது என்று 2023இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு சொன்னது, மொத்தம் 88 லட்சம் பேர். அவர்கள் எல்லாரும் கிண்டிக்குப் போக முடியாது. ராத்திரி 2 மணிக்குப் பக்கத்தில் எந்த அவசரப் பிரிவில் விளக்கு எரிகிறதோ அங்கேதான் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

இனி நான் கேட்பவை.

அல்சைமர் என்று நாங்கள் சொன்னதும் பேனாவை மூடாதீர்கள். "போன வாரம் எப்படி இருந்தார்?" என்று கேளுங்கள், நாங்கள் சொல்வதை எங்கள் சொற்களிலேயே சீட்டில் எழுதுங்கள். "ஞாயிறு பேப்பர் படித்தார், செவ்வாய் ஸ்பூன் பிடிக்கத் தெரியவில்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால், இரண்டாவது இடத்தில் அதைப் படித்தவர் எங்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். 4ஏடி (4AT) என்று டெலிரியத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. விழிப்பு எப்படி இருக்கிறது, வயசும் இடமும் வருஷமும் தெரிகிறதா, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா, இது திடீரென்று வந்ததா என்று நான்கே விஷயங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தனிப் பயிற்சியும் வேண்டாம். அறுபத்தைந்து வயதைத் தாண்டி உங்கள் அவசரப் பிரிவுக்குக் குழப்பத்தோடு வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் கட்டாயமாக்குங்கள். தமிழில் கேளுங்கள்.

தூக்க ஊசியை எடுக்கும் முன் அடிவயிற்றில் கை வையுங்கள். இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் உங்கள் மனதில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். மூத்திரம் எவ்வளவு போகிறது, கடைசியாக எப்போது மலம் கழித்தார், ஆக்ஸிஜன், சர்க்கரை, சோடியம், நெஞ்சு, முதுகுப் புண், வாய், இந்த வாரம் புதிதாகச் சாப்பிட்ட மாத்திரை. இவற்றைப் பார்த்த பிறகும் நோயாளி தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருந்தால் மட்டும் மயக்க மருந்துக்குப் போங்கள். மறதி நோயுள்ள முதியவர்களை அமைதிப்படுத்தக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புது வகை மருந்துகளுக்கு 2005இலும் பழைய வகைக்கு 2008இலும் எச்சரித்திருக்கிறது. அந்த ராத்திரி என்ன ஊசி போட்டார்கள் என்று எனக்குக் கொடுத்த சீட்டில் பெயர்கூட இல்லை. போடுகிற மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் இருக்க விடுங்கள், ஐ.சி.யு.விலும் சரி. "அட்டெண்டர் வெளியே" என்று எங்களைத் துரத்திவிட்டு, அப்பா எழுந்து எழுந்து உட்காருகிறார் என்று கையைக் கட்டிலில் கட்டினார்கள். அவருடைய கண்ணாடி என் கைப்பையில் இருந்தது. 1999இல் அமெரிக்காவில் ஷாரன் இனோய் என்ற மருத்துவர் 852 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பெரிய மருந்து எதுவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது கேட்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது, ராத்திரி தூங்க விடுவது, இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருப்பது, இவைதான். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. இதையெல்லாம் செய்ய உங்களிடம் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்களிடம் ஆள் இருக்கிறது, வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் வளாகத்து மருந்துக் கடையில், மறதி நோய் உள்ளவருக்கும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கும் தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அப்படி ஒரு காகிதம் எங்கள் தெருக் கடையில் இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் விடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

டெலிரியம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சொல்லை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுங்கள். வீட்டாருக்கு வாயாலும் சொல்லுங்கள்: குழப்பம் தெளிய வாரக்கணக்கில் ஆகலாம், பழைய நிலைக்கு முழுதாக வராமலும் போகலாம், மறுபடி இப்படி ஆனால் அன்றைக்கே கூட்டி வாருங்கள் என்று. மூன்று மாதம் கழித்து ஞாபகத்தைச் சோதிக்க ஒரு தேதி கொடுங்கள். எங்கள் நர்ஸிங் ஹோம் காகிதத்தில்கூட 'மூத்திரத் தொற்று, மூத்திர அடைப்பு' என்றுதான் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு "இயல்பான முன்னேற்றம்" என்று எழுத முடிந்தது.

அந்த மூத்த நர்ஸ் மாதிரி ஆட்கள் உங்கள் எல்லாரிடமும் இருப்பார்கள். அவர்கள் "டாக்டர், இந்தத் தாத்தா நேற்று இப்படி இல்லை" என்று சொன்னால் அது சீட்டில் ஏற வேண்டும், அதற்கு டாக்டர் பதில் எழுத வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள்.

கடைசியாக, எனக்குப் பதில் எழுதிய மருத்துவமனைக்கு. நஷ்டஈடு கேட்கவில்லை, யாரையும் வேலையை விட்டு எடுக்கவும் கேட்கவில்லை. அப்பாவின் கோப்பிலிருந்து "இயல்பான முன்னேற்றம்" என்ற வரியை எடுத்துவிட்டு, வியாழக்கிழமை விடியற்காலை 2 மணிக்கு அவருக்கு டெலிரியம் இருந்தது, அது கவனிக்கப்படவில்லை என்று எழுதுங்கள். திருத்திய பிரதியில் ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்புங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கம்போசிட்டரின் மகள்
திருவல்லிக்கேணி, சென்னை